பெரட்டுக்கு இங்கிலீசில் என்ன?

போன தீபாவளிக்கு மலாக்கா வந்திருந்த அண்ணன் மகள், சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "அத்தை, பெரட்டுக்கு இங்கிலீசில் என்ன?"

நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்னவள், ஆனாலும் சட்டென்று வாயில் வரவில்லை. யோசித்து "மஸ்டர்" என்றேன். "அகராதியில் அதுதான் இருக்கு. ஆனா அதில இருட்டு இல்லையே அத்தை" என்றாள்.

எங்கள் அப்பாயியைப் பற்றி அவள் இங்கிலீசில் கதை எழுதுகிறாள். அப்பாயி அவளுக்குக் கொள்ளுப்பாட்டி. அவள் பார்த்ததே இல்லை.

நானும் அண்ணனும் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவர்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே தண்டல் மணியடிப்பார். அப்பாயி, தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடுவார். விளக்கு வெளிச்சத்தில் கிராணி பேர் வாசிப்பார். பேர் கூப்பிடும்போது அங்கே நின்றால்தான் அன்றைக்கு வெட்ட மர நிரை, நிரை கிடைத்தால்தான் அன்றைக்குக் கூலி. அதன் பிறகு கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காட்டுக்குள் நுழைய வேண்டும். மதியம் எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் விரலில் ஒட்டுப்பால் வாடை அடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, நகக்கண்ணில் பால் கறுத்துக் காய்ந்திருக்கும். இன்றைக்கும் எனக்கு ரசஞ்சோறு என்றால் அந்த வாடையும் சேர்ந்ததுதான்.

அண்ணன் மகள் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் பிரான்சுக்குப் போய் இஞ்சினியரிங் படித்தவள். அங்கே அவள் பாடப்புத்தகத்தோடு சேர்த்துப் படித்தது ஆப்பிரிக்கப் பெண்களின் பிரெஞ்சு நாவல்களை. எனக்காக ஒன்றின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வாங்கி வந்தாள். செனகல் நாட்டின் ஃபாத்து தியோம் 2003இல் எழுதிய நாவல் அது. தலைப்பைத் தமிழில் 'அட்லாண்டிக்கின் வயிறு' என்று சொல்லலாம். தியோம் நியோதியோர் என்ற சின்னத் தீவில் பாட்டி கையில் வளர்ந்தவர். பின்னாளில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் வீடுகளைச் சுத்தம் செய்து சம்பாதித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் படித்தார். நாவலில் அக்கா பிரான்சில் இருக்கிறாள். தீவில் இருக்கும் தம்பிக்கு ஐரோப்பா போய்ப் பந்து விளையாட வேண்டும் என்பதே கனவு. பாரிஸ் போய்த் திரும்பிய ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். அங்கே தான் பட்ட சிறுமையை மறைத்து, பளபளப்பை மட்டும் பிள்ளைகளிடம் அளந்துவிடுகிறார்.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கங்காணிதான் கண்முன் வந்தார். வெள்ளை வேட்டியும் கைக்கடிகாரமுமாக ஆள் சேர்க்க அப்பாயியின் ஊருக்கு வந்து, மலாயாவில் மரத்திலேயே காசு காய்க்கிறது என்றாராம். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அப்பாயி நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். காசு காய்த்தது உண்மை, துரைக்குக் காய்த்தது.

இன்னொரு நாவலை அவள் எனக்கு வாய்மொழியாகவே சொன்னாள். மொரீஷியஸ் தீவில் பிறந்த நத்தாஷா அப்பானா எழுதியது, அதுவும் 2003இல் வந்ததுதான். அவருடைய முன்னோர் ஆந்திரத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். நாவலின் காலம் 1892. சிதையிலிருந்து தப்பி ஓடிவரும் ஓர் இளம் விதவை, பாறையைப் புரட்டினால் பொன் கிடைக்கும் என்ற பேச்சு, கப்பலின் அடித்தட்டு. அவள் சொல்லி முடிக்க இரவு ஒரு மணி ஆயிற்று. கடலுக்கு அந்தப் பக்கத்தில் தெலுங்கு வம்சத்துப் பெண் ஒருத்தி பிரெஞ்சில் எழுதியிருப்பது எங்கள் அப்பாயி கதையைத்தான் என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது. நம் வீட்டுப் பிள்ளை இங்கிலீசில் எழுதுவதும் அதையேதான்.

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அவளைத் தன் கதையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவள் தமிழில்தான் பேசினாள், கொஞ்சம் தடுமாறினாள். பெரியவர் ஒருவர் எழுந்து, தமிழில் எழுதாதது தமிழர் கதை ஆகாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் விழுந்தது. அவள் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து எனக்கு நெஞ்சு வலித்தது. இருபது வருடத்துக்கு முன்பென்றால் நானும் கைதட்டியிருப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை அவள். அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய், அடுத்து இங்கிலீஷ், அதற்கும் மேலே பிரெஞ்சு. காலில் இடித்துக்கொண்டால் "அம்மா" என்பாள், கணக்கை மலாயில் போடுவாள், கதையை இங்கிலீசில் எழுதுவாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல இங்கிலீசில்தான் வருகிறது என்கிறாள். தியோமுக்கும் பள்ளிக்கூடம் கொடுத்தது பிரெஞ்சைத்தான்.

அதுவும் மலாக்காவில் இருந்துகொண்டு நாம் அந்தப் பெரியவரைப் போலப் பேசலாமா? நகரத்தின் முக்கியச் சாலைக்கு முன்ஷி அப்துல்லாவின் பேர். 1796இல் இதே மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். யேமனிலிருந்து வந்த அவருடைய கொள்ளுத்தாத்தா நாகூரில் பெண்ணெடுத்தவர். அப்துல்லா சிறு வயதில் முறையாகத் தமிழ் படித்தார், வணிகத்துக்கு அன்று அது வேண்டியிருந்தது. ஆனால் தன் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபோது மலாயில் எழுதினார். 1849இல் அச்சான 'ஹிகாயாட் அப்துல்லா' அதுதான். காஜா பெராங் கம்போங் செட்டிக்குப் போய்ப் பாருங்கள். மலாக்கா செட்டிகளின் வீட்டுப் பேச்சு மலாய், கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும். பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் 'பார்ச்சு' என்று படையல் வைக்கிறார்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பேச்சு மொழி போன பிறகும் இருநூறு வருடத்துக்கு மேலாக அந்த விளக்கு அணையவில்லை.

மொழி போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பிள்ளை சேர்க்கைக்காக லயம் லயமாக ஏறி இறங்கியவள் நான். போகிற மொழிக்காக அழுகிற நாம், போன பிள்ளை திரும்பி வரும்போது கதவைச் சாத்துகிறோமே என்பதுதான் என் ஆற்றாமை.

மலாயாவில் வணிகத்துக்கென முதல் ரப்பர்த் தோட்டம் போட்டது நம் மாநிலத்தில்தான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் நட்ட மரங்கள் அவை. அந்த மரம் வெட்டிய பெண்களின் மனசு எந்த ஏட்டில் இருக்கிறது? தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துப் போன அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். கே. எஸ். மணியம் 1981இல் இங்கிலீசில் 'தி ரிட்டர்ன்' எழுதினார். தமிழில் பாவை, நிர்மலா ராகவன், நிர்மலா பெருமாள் என்று பெண்களும் நமக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களை நாம் போதிய அளவு படித்ததில்லை. இங்கிலீசில் ராணி மாணிக்காவின் 'தி ரைஸ் மதர்' 2002இல் வந்தது. பதினாலு வயதில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து மலாயாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணின் கதை. 2008இல் பிரீதா சமரசனின் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே'. ஈப்போவில் ஒரு பணக்காரத் தமிழ் வீடு, அங்கே பழிசுமந்து வெளியேற்றப்படும் வேலைக்காரப் பெண் செல்லம். இந்தப் பிரீதா குடியிருப்பதும் பிரான்சில்தான். அந்த நாவலின் தலைப்போ குறுந்தொகைப் பாட்டிலிருந்து எடுத்தது. சங்கப் பாட்டைத் தலையில் சூடிக்கொண்டு வந்த புத்தகத்தைத் தமிழர் கதையில்லை என்று எந்த வாயால் சொல்வது?

மலாயில் எழுதினால்தான் இங்கே தேசிய இலக்கியம். இங்கிலீசில் எழுதுகிற தமிழ்ப் பெண்ணுக்கு அந்தத் திண்ணையிலும் இடமில்லை, நம் திண்ணையிலும் இடமில்லை. இதைப் பார்க்கும்போது எனக்குக் குடியுரிமை இல்லாத அப்பாயியின் சிவப்பு அடையாளக் கார்டு நினைவுக்கு வருகிறது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டார்கள். அப்பாயியின் தம்பி குடும்பம் ரஜூலா கப்பலேறி ஊருக்கே போய்விட்டது. அப்பாயி போகவில்லை. கார்டில் பேரை யாரோ தப்பாக எழுதியிருந்தார்கள். அதைக் காட்டி "இது நானில்ல, கிராணி எழுதினது" என்பார். சாகும்வரை அந்தக் கார்டு தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் கிடந்தது. ஊரிலும் அவரை மலாயாக்காரி என்றார்கள்.

செனகலின் மரியாமா பா 1979இல் பிரெஞ்சில் எழுதிய சின்ன நாவல் ஒன்று உண்டு, கணவனை இழந்த பெண் தோழிக்கு எழுதும் நெடுங்கடிதம். உலகமெல்லாம் சுற்றியது. 2007இல் மாம் யூனுஸ் தியெங், அராம் ஃபால் என்ற இரண்டு பெண்கள் அதை அவர்கள் மண்ணின் மொழியான வொலோஃபுக்குக் கொண்டுவந்தார்கள். புத்தகம் வீடு திரும்ப இருபத்தெட்டு வருடம் ஆனது, ஆனாலும் திரும்பியது.

இங்கேயும் அது நடக்க வேண்டும். பிற மொழியில் எழுதும் நம் பெண்களின் கதைகளைத் தமிழில் தருவதற்கு நம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு பக்கம் போதும். எழுத்தாளர் சங்கம் ஆண்டுக்கு ஒரு நாவலை எடுத்துக்கொள்ளட்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எது? என்னைப்போல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மலாக்காவிலேயே எத்தனையோ பேர் இருக்கிறோம், நேரமும் இருக்கிறது.

நான் ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் மகள் கதையைத் தமிழாக்குகிறேன். பெரட்டு என்ற சொல்லை அவள் கடைசியில் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் விட்டுவிட்டாள். 'பரேட்' என்பதுதான் நம் நாக்கில் பெரட்டு ஆனது என்பார்கள். அவளிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "அப்ப அவங்க சொல்லை அவங்களுக்கே இருட்டோட திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

மூன்றாவது பக்கத்தில் நிற்கிறேன். பால் வாளியைத் தூக்கும்போது பெண்கள் இடுப்புக்கும் வாளிக்கும் நடுவே சுருட்டி வைக்கும் துணிக்கு ஒரு பேர் இருந்தது. எனக்கு மறந்துவிட்டது. செர்காமில் இருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியும், சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும். அவருக்கு வயது எண்பத்தொன்பது.