வழக்குப் போட ஜி.எஸ்.டி. எண் போதாது

கூட்டாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. முத்திரைத்தாளில் பார்ட்னர்ஷிப் டீட் எழுதி, பான் கார்டும் ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கி, வங்கியில் கரன்ட் அக்கவுண்டும் தொடங்கிவிட்டால் நிறுவனம் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மாவட்டப் பதிவாளரிடம் தனியாகப் பதிய வேண்டுமே என்று யாராவது சொன்னால், ‘அது கட்டாயமில்லை’ என்ற பதில் தயாராக இருக்கும். எழுத்தளவில் அது சரிதான். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் மத்திய அரசுடையது, பதிவேட்டை வைத்திருப்பது மாநில அரசு. பதியாததற்காகத் தமிழ்நாட்டில் யாரும் சிறைக்குப் போவதில்லை. வருமான வரித் துறைக்கும் ஜி.எஸ்.டி.க்கும் டீட் போதும். வரி வாங்குகிறவர்களுக்குத் தேவைப்படாத பதிவு என்பதால் ஆடிட்டரும் பெரும்பாலும் வற்புறுத்துவதில்லை. அந்தப் பதிவு தேவைப்படுவது வரி கட்டும்போதல்ல, பாக்கியை வசூலிக்கப் போகும்போது.

சட்டத்தின் 69ஆம் பிரிவைப் படித்தவர்கள் ‘கட்டாயமில்லை’ என்று இவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள். பதியாத நிறுவனம், ஒப்பந்தத்தால் தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வெளியாள் மீது வழக்குப் போட முடியாது என்கிறது அது. ஈரோட்டிலிருந்து லுங்கி பேல் அனுப்பிய ஒரு நிறுவனத்துக்கு எட்டு லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பில், இ-வே பில், லாரி ரசீது எல்லாம் கையில் இருக்கின்றன. எதிராளியின் வக்கீல் சரக்கு வந்ததை மறுக்க வேண்டியதே இல்லை. ‘வாதி நிறுவனம் பதிவு பெறாதது, வழக்கு நிலைநிற்கத் தக்கதல்ல’ என்று எதிருரையில் ஒரு பத்தி எழுதினால் போதும். அதே நிறுவனத்துக்கு நூல் கொடுத்தவருக்கு இந்தத் தடை கிடையாது. அவர் தாராளமாக வழக்குப் போடலாம். கூட்டாளிகளின் சொந்த வீடு, நிலம் வரை பொறுப்பு நீளும். சட்டம் விதிவிலக்கு தரும் சில்லறை வழக்குகளின் வரம்பு இன்றும் 100 ரூபாய். 1932இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம்.

‘வழக்கு வந்தால் அப்போது பதிந்துகொள்ளலாம்’ என்பார்கள். பதிய இங்கே காலக்கெடு இல்லை, உண்மை. ஆனால் பதிவுக்கு முன்பே தொடுத்த வழக்கு பிறப்பிலேயே குறையுள்ளது, பிறகு பதிவதால் அது சரியாகாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புது வழக்குத்தான் போட வேண்டும். சரக்குப் பாக்கிக்கான மூன்றாண்டுக் கெடு அதற்குள் முடிந்திருந்தால் அதுவும் சிக்கல்தான். தகராறு கூட்டாளிகளுக்குள்ளேயே என்றால் நிலைமை இன்னும் மோசம். பதிவு விண்ணப்பத்தில் கூட்டாளிகள் எல்லாரும், அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த முகவர்கள், கையெழுத்திட வேண்டும். பணத்தை அமுக்கியவர் தன் மீதே வழக்கு வரட்டும் என்று கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

அண்ணன் தம்பிக்குள் பதிவு எதற்கு என்பவர்களுக்கும் இதுவே பதில். பதியாத நிறுவனத்தின் கூட்டாளி, டீடில் எழுதிய உரிமையைக் கேட்டு மற்றவர் மீது வழக்காட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கக் கோரலாம், கலைந்தபின் கணக்குக் கேட்கலாம். அதாவது லாபப் பங்கு வேண்டுமானால் கடையையே மூட வேண்டும்.

செக் கேஸ் போடலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அது குற்ற வழக்கு என்பதால் இந்தத் தடை பொருந்தாது என்று பல உயர் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. வணிகப் பெயரைத் திருடியவர் மீது வழக்குப் போடவும் தடையில்லை என்று ஹல்திராம் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வெறும் பில்லை நம்பிக் கடனுக்குச் சரக்கு கொடுத்தவரிடம் திரும்பி வந்த செக் எங்கே இருக்கும்? அவர் கேட்பது ஒப்பந்தப் பணம். கடனே கொடுக்காமல் கைமேல் காசுக்கு விற்கும் கடைக்கு வேண்டுமானால் இந்தக் கவலை குறைவு.

பதிந்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வழக்குத் தொடுப்பவர்களின் பெயர்கள் கூட்டாளிகளாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவை இல்லாததால் விழுந்த வழக்கை 1989இல் உச்ச நீதிமன்றமும் காப்பாற்றவில்லை. அப்பா இறந்து மகன் உள்ளே வந்து, டீடையும் மாற்றி எழுதி, வங்கிக்கும் சொல்லிவிட்டுப் பதிவாளருக்கு மட்டும் சொல்லாமல் விட்ட நிறுவனங்கள் இந்தப் பட்டியலில்தான் வரும்.