விளம்பரக் கூடங்களில் விலைபோகும் தமிழ்

ஒரு மொழி சாகும் இடம் எது? நூலகமா? பள்ளியா? ஆட்சிமன்றமா? இவற்றிலெல்லாம் மொழி தேய்வதுண்டு, நலிவதுண்டு. ஆயின் அது சாவது தெருவிலேதான். அங்காடியில் விற்போனும் வாங்குவோனும் எச்சொல்லால் பேசிக்கொள்கின்றனரோ அச்சொல்லே வாழும் சொல். ஏனையவை ஏட்டில் உறங்கும் சொற்கள். இற்றை நாளில் அத் தெருச்சொல்லை வடித்துக் கொடுக்கும் பட்டறை எது? புலவர் கழகம் அன்று, பல்கலைக்கழகமும் அன்று. ஓர் ஒலிவாங்கி, ஒரு கணினி, ஒரு படக்கருவி ஆகியவற்றைச் சிற்றறை ஒன்றில் வைத்துக்கொண்டு, கடைக்காரர்க்கும் ஆலைக்காரர்க்கும் பள்ளி நடத்துவோர்க்கும் விளம்பரம் பதிந்து கொடுக்கும் சிறு ஒலி, ஒளிப்பதிவுக் கூடமே அப்பட்டறை. அங்கு இன்று வடிக்கப்படுவது தமிழா என்பதே வினா.

திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வினாவின் விடை எளிதில் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் இவை. முன்னது பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டும் இனிப்பால் பெயர் பெற்றது. பின்னது 1936-ஆம் ஆண்டு முதலே ஆலை கண்டு பஞ்சும் நூலுமாய் வளர்ந்தது. அதனையடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி கடல் கடந்தும் செல்கின்றது. இத்துணை வணிகம் நடக்கும் இடத்தில் விளம்பரத்திற்குக் குறைவிருக்குமா? ஆடிப்பூரத் தேரோட்டம் நெருங்கினால், தெருவெல்லாம் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள். ஊர்த் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓயாத காணொளிகள். இவை அனைத்தும் எங்கோ விண்ணிலிருந்து வீழ்ந்தவை அல்ல. அவ்வூர்களிலும் அண்மை நகர்களிலும் உள்ள சிறு கூடங்களிலே தமிழ் இளைஞர்களால் எழுதப்பட்டு, தமிழ் வாய்களால் பேசப்பட்டு, தமிழ்க் கைகளால் தொகுக்கப்பட்டவை.

ஆயின் அவற்றில் தமிழ் எங்கே? 'கிராண்ட் ஓப்பனிங்', 'ஸ்பெஷல் ஆஃபர்', 'ஹோம் டெலிவரி', 'பெஸ்ட் குவாலிட்டி'! இடையிடையே 'ஆகும்', 'உங்கள்', 'வாங்க' என்னும் சொற்கள் ஒட்டுத்துணி போல் தைக்கப்பட்டிருக்கும். எலும்பும் தசையும் ஆங்கிலம். மேலே பூசிய மஞ்சள் மட்டும் தமிழ். ஊரின் பெயரைக்கூட வாய்நிறைய 'ஸ்ரீ' போட்டுத்தான் சொல்வார்கள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தம் பாக்களில் தம் ஊரை வில்லிபுத்தூர் என்றும் புதுவை என்றும் பாடிச் சென்றனர். பாடியவர்க்கே வேண்டப்படாத முன்னொட்டு, பால் இனிப்பு விற்பவர்க்கு ஏன் வேண்டும்? சிறப்பு வேண்டுமெனில் 'திரு' என்னும் செந்தமிழ்ச் சொல் தமிழரிடம் இல்லையா?

அவ்வூர் இனிப்புக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறோர் ஊரான் அப்பெயரைச் சொல்லி விற்றல் ஆகாது என்று சட்டம் காவல் நிற்கின்றது. நன்று. ஆனால் அவ்வினிப்பை ஆக்குவோர் வாயில் வழங்கும் சொற்களுக்குக் காவல் யார்? காய்ச்சுதல், கிளறுதல், சுண்டுதல், திரளுதல், பதம் பார்த்தல் என எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் அடுப்பின் வெம்மையையும் கரண்டியின் ஓட்டத்தையும் கண்முன் நிறுத்தும். திரட்டுப்பால் என்னும் அழகிய பெயரும் தமிழில் உண்டு. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'டேஸ்டி', 'ஃப்ரெஷ்' என்னும் இரண்டு இரவற் சொற்களில் அவ்வினிப்பை அடக்குவது வணிகத் திறமா? அன்று. அது கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவது.

விளம்பரம் என்பதே ஆங்கிலேயன் கொண்டுவந்த கலை. அதனை அவன் மொழியிற் செய்தல்தான் இயல்பு என்பாரும் உளர். இஃது அறியாமை. விளம்புதல் என்னும் வினையே விளம்பரத்திற்கு வேர். பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் அங்காடிகளின்மேல் ஆடிய கொடிகளைக் காட்டுகின்றன. இன்ன கடை இது என்று தொலைவிலிருந்தே காட்டிய விளம்பரங்கள் அவை. மணிமேகலையின் முதற்காதையே விழாவறை காதை. முரசறைந்து ஊர்க்குச் செய்தி விளம்பும் வழக்கத்தின் பதிவு அது. ஐந்தொகை, பேரேடு, பற்றுவரவு, கொள்முதல், இருப்பு எனத் தமிழ் வணிகன் கணக்கு எழுதிய மொழி தமிழ். இன்றும் எந்தத் துணிக்கடையிலாவது 'தள்ளுபடி' என்னும் சொல் விளங்காமல் திரும்பிய தாய் ஒருத்தி உண்டா? ஆடித் தள்ளுபடி என்றால் ஊரே திரள்கின்றது. தமிழ்ச்சொல் விலைபோகாது என்னும் பொய்க்கு இவ்வொரு சொல்லே போதிய மறுப்பு.

இனி, இக்கேடு எவ்வாறு நுழைகின்றது என்று பார்த்தல் வேண்டும். வழிகள் மூன்று.

முதல் வழி, மும்பையிலிருந்து வருவது. பெருநிறுவனங்கள் இந்தியில் ஒரு படம் எடுக்கும். அதனைத் தமிழகத்திற்கு அனுப்பும்போது, திரையிலே அசையும் இந்தி வாய்க்குத் தக்கவாறு தமிழை வெட்டி ஒட்டுவர். 30 நொடிப் படத்தில் ஏறத்தாழ ஐம்பது தமிழ்ச் சொற்களே அமைதியாகப் பேச இடமுண்டு. இந்தித் தொடரின் அளவுக்குத் தமிழை நசுக்கும்போது, சொல்வரிசை குலையும், வினைமுற்று வீழும், உருபு உதிரும். எஞ்சுவது, இந்தியின் எலும்புக்கூட்டில் தொங்கும் தமிழ்த்தோல். இதனை நாள்தோறும் கேட்கும் தமிழ்ப் பிள்ளை, இதுவே தமிழ்த்தொடர் என்று கற்றுக்கொள்கின்றது. சிறு கூடத்தாரும் இதையே அளவுகோலாகக் கொண்டு, 'தொலைக்காட்சியில் வருவது போல் வேண்டும்' என்று கேட்பவர்க்கு இதே குலைந்த தமிழைப் படியெடுத்துக் கொடுக்கின்றனர்.

இரண்டாம் வழி, வணிகரின் வாயிலிருந்து வருவது. ஆங்கிலம் கலந்தால் கடைக்குப் பெருமை என்று அவர் எண்ணுகின்றார். எழுத்துப்படியையும் தாமே சொல்லிவிடுகின்றார். கூடத்தார் அதனை அப்படியே பதிகின்றனர்.

மூன்றாம் வழி, அண்மையில் வந்த பொறிக்குரல். செய்யறிவுக் கருவியிடம் எழுத்தைக் கொடுத்தால் அது பேசிவிடுகின்றது. பேசுவோர்க்குக் கூலி மிச்சம். லகரமும் ளகரமும் ழகரமும் தடுமாறினாலும் அதற்கு நாணமில்லை. அதனை விலைகொடுத்து வாங்கியவர்க்காவது நாணம் வேண்டாவா?

இம்மூன்று வழியும் சென்று சேரும் இடம் ஒன்றே என்பதைக் கூடம் நடத்துவோர் உணர்தல் வேண்டும். மும்பைப் படத்தைப் படியெடுப்பதற்கு இராசபாளையத்தில் ஒரு கூடம் எதற்கு? பொறிக்குரலில் ஆங்கிலக் கலவையை ஓடவிடுவதற்கு ஓர் ஆள் எதற்கு? அவ்வேலையைக் கடைக்காரர் தம் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ளும் நாள் வந்துவிட்டது. ஊரின் சிறு கூடத்தாரிடம் மட்டும் உள்ள சரக்கு எது? அவ்வூரார் நெஞ்சைத் தொடும் தமிழ்! அடுப்பங்கரையிலும் தறிக்கொட்டிலிலும் வயலிலும் வழங்கும் சொல்லை அறிந்து, அதனைச் செம்மையுற அமைக்கும் ஆற்றல்! அதனை விட்டுவிட்டால் மொழியும் போம், பிழைப்பும் போம். தமிழை விற்றுப் பிழைக்கலாம் என்று எண்ணியவர், தம் தொழிலையே விற்றுக்கொண்டிருக்கின்றனர்.

'கேட்பவர் கேட்பதைத்தானே கொடுக்கின்றோம். எங்கள் மேல் என்ன குற்றம்?' என்பது கூடத்தார் கூறும் விடை. தையற்காரர் துணியைக் கோணலாக வெட்டிவிட்டு, 'நீங்கள்தாம் அப்படிக் கேட்டீர்கள்' என்று சொல்வாரா? மருத்துவர் நோயாளி கேட்ட மருந்தையெல்லாம் கொடுப்பாரா? வணிகர்க்குத் தெரிந்தது அவர் சரக்கு. அதனை எச்சொல்லால் எக்குரலால் சொன்னால் மக்கள் மனத்தில் நிற்கும் என்பது கூடத்தார்க்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அந்த அறிவுக்குத்தான் அவர் பணம் பெறுகின்றார். அறிவை அடகு வைத்துவிட்டு, பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் கூலி வாங்குவது தொழிலாகாது.

'நல்ல தமிழ் மக்களுக்கு விளங்காது' என்பது மற்றொரு விடை. வரலாறு இதனை முகத்தில் அறைந்து மறுக்கின்றது. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாசு' 1931-இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. அதில் தமிழொடு தெலுங்கும் கலந்தே ஒலித்தது. அந்நிலையிலேயே தமிழ்ப்படம் நின்றுவிட்டதா? சேலத்தில் ஒரு கூடம் எழுந்தது, கோவையில் எழுந்தது, காரைக்குடியிலும் எழுந்து 1947-இல் 'நாம் இருவர்' படத்தைத் தந்தது. தமிழ் மண்ணிலேயே எழுந்த கூடங்கள் இவை. 1949-இல் அண்ணா எழுதிய 'வேலைக்காரி'யும், 1952-இல் கலைஞர் எழுதிய 'பராசக்தி'யும் வந்தபோது, வடசொல் மண்டிய பழைய பேச்சு பின்வாங்கியது. தமிழ்ப் பேச்சைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். எழுத்தறியாதவரும் அவ்வுரைகளை மனப்பாடமாய் ஒப்புவித்தனர். முதல் போட்டவர்க்கு இழப்பு வந்ததா? பெட்டி நிறைந்தது.

வானொலியின் கதையும் இதுவே. 1950-இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பு, தென்தமிழகத்தின் வீடுதோறும் ஒலித்தது. மயில்வாகனனும், அப்துல் அமீதும், கே.எசு. இராசாவும் பேசிய தமிழைக் கேட்கவே மக்கள் காத்துக் கிடந்தனர். அவர்கள் நடத்தியது இலக்கிய அரங்கம் அன்று; முழுக்க முழுக்க விளம்பர ஒலிபரப்பு. சோப்பும் தேயிலையும் விற்ற குரல்கள் அவை. ஆயினும் அவர் நாவில் ழகரம் ழகரமாய் நின்றது; தொடர் தொடராய் நடந்தது. இந்தியாவிலோ, வானொலி என்னும் அழகிய தமிழ்ச்சொல் மக்கள் வாயில் ஊறிக் கிடக்க, 'ஆகாசவாணி' என்னும் பெயரைத் திணிப்பதிலேயே நடுவணரசின் நாட்டம் சென்றது. 2023-ஆம் ஆண்டு மே திங்களிலும் அப்பெயரையே வழங்குமாறு ஆணை பிறந்தது, தமிழகம் எதிர்த்தது. தில்லியின் திணிப்பை எதிர்க்கத் தெரிந்த தமிழன், தன் தெருவில் தானே திணித்துக்கொள்ளும் ஆங்கிலத்தை எதிர்க்க வேண்டாவா?

சட்டம் உதவுமா எனின், ஓரளவே உதவும். கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளில் இடம்பெற்றுள்ளது. 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. பெயர்கள் மளமளவென்று தமிழாயின. பலகைக்கு விதி உண்டு. படப்பெயருக்கு ஊக்கம் இருந்தது. ஆனால் அப்பலகையின் கீழே நாள் முழுதும் அலறும் ஒலிபெருக்கிக்கு எந்த விதியும் இல்லை. கண்ணுக்குத் தமிழ் காட்டி, காதுக்கு நஞ்சு ஊற்றுகின்றனர். அரசின் விளம்பரப் பணிகளை நல்ல தமிழில் பதிந்து தரும் கூடங்களுக்கே அளிப்பது என்று அரசு முடிவெடுத்தால், ஓராண்டில் நிலை மாறும்.

அரசு வரும்வரை கூடத்தார் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. செய்யத்தக்கன சில உள. எழுத்துப்படியை வணிகரிடமிருந்து வாங்காமல், தாமே தமிழில் எழுதி முதலில் அதனையே பதிந்து கேட்கச் செய்தல் வேண்டும். கேட்டபின் மறுப்பவர் சிலரே. எழுதுவோர்க்கும் பேசுவோர்க்கும் உரிய தொகையை விலைப்பட்டியலில் தனியே காட்டுதல் வேண்டும். இலவயமாய்க் கிடைக்கும் எழுத்துக்கு மதிப்பிராது. திறப்பு விழா, சலுகை, தள்ளுபடி, தரம், புத்தம்புதிது, வீடுதேடி வரும் என்னும் சொற்பட்டியல் ஒலிவாங்கிக்கு எதிரே தொங்குதல் வேண்டும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றைப் பிழையற ஒலிப்பவரையே பேச அழைத்தல் வேண்டும்.

தமிழ்ப்பற்றுடைய வணிகர்க்கும் ஒரு சொல். மேடையில் தமிழ் வாழ்க என்று கைதட்டிவிட்டு, தம் கடை விளம்பரத்தையும் மகள் திருமணப் படத்தின் தலைப்பையும் ஆங்கிலத்தில் பதியச் சொல்வோர் பலர். தமிழில் பதியும் கூடத்தைத் தேடிச் சென்று வேலை கொடுப்பதே அவர்கள் செய்யத்தக்க தமிழ்ப்பணி. பசித்த வயிற்றிடம் பற்றை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோதும் 'இது நடக்குமா' என்று நகைத்தவர் பலர். இராசபாளையத்தையடுத்த முறம்பில் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய பாவாணர், 1981-இல் கண்மூடும்வரை சொல்லின் வேரைத் தேடியே தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் தோண்டி எடுத்துத் தந்த சொற்கள் அகரமுதலியில் அடங்கிக் கிடப்பதற்காகவா தோண்டப்பட்டன? அவர் கால்பட்ட மண்ணில், அவர் பெயரால் கோட்டம் நிற்கும் மண்ணில், ஒலிபெருக்கி ஆங்கிலம் பேசுவது தமிழர்க்கு இழிவு.

முரசறைந்து செய்தி விளம்பிய மரபின் இற்றை வழித்தோன்றல்கள் ஒலிவாங்கியின் முன் நிற்கும் இளைஞர்கள். அவர்கள் வாய் வாடகைக்கு விடப்பட்ட வாய் அன்று. தமிழ்த்தாய் தந்த வாய். இனிப்பை விற்கட்டும், துணியை விற்கட்டும், நூலை விற்கட்டும். தமிழை மட்டும் விற்க வேண்டா.