பத்து விரலையும் குத்திவிட்டுக் காத்திருந்த நாலு மணி நேரம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று ராத்திரி நம் குடும்ப க்ரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. அரை மணி நேரத்தில் பழைய மாணவர் க்ரூப்புக்கும் போய்விட்டது. சீனப் பேராசிரியர் சொன்ன அக்குபங்சர் ரகசியமாம். பக்கவாதம் வந்தால் ஆளை அசைக்காதே, தையல் ஊசியால் பத்து விரல் நுனியிலும் குத்தி ரத்தம் எடு, வாய் கோணியிருந்தால் காது மடலிலும் குத்து, ஆள் தெளிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பல வருஷமாகச் சுற்றுகிற சரக்கு. கீழே பதினாறு பேர் கும்பிடு போட்டிருக்கிறீர்கள். அதில் நாலு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்!

காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தத்தில் வெல்டிங் வேலை பார்த்த என் மாணவன் ஒருவன். பேர் வேண்டாம், அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன், காலை ஆறரைக்கு டீ குடிக்கும்போது டம்ளர் கை நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. வீட்டில் இந்த மெசேஜைப் படித்த ஒருவர் இருந்தார். பத்து விரலையும் குத்தினார்கள். தெளியட்டும் தெளியட்டும் என்று காத்திருந்து, பத்தரைக்குத்தான் கிளம்பினார்கள். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரி சேரும்போது மணி பன்னிரண்டு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது நல்லா இருந்தார்?"

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்தால், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன். அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்க்காமல் அந்த மருந்தைப் போடவே கூடாது. இவனுக்கு அடைப்புதான். நேரம் போய்விட்டது. மருந்து போட்டால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்த வாய்ப்பே இவனுக்கு இல்லாமல் போனதுதான் என் ஆத்திரம். எங்கள் பள்ளிக்கூட வாசலில் தினமும் கரும்பலகையில் குறள் எழுதியவன் இவன். அந்த வலது கை இன்று தோளுக்கு மேல் எழவில்லை.

பெரிய குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும் என்று 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். நாலு மணி நேரம் என்றால் 240 நிமிஷம். பெருக்குங்கள். 45 கோடியே 60 லட்சம்.

"சார், எங்க பெரியப்பாவுக்குக் குத்தினதும் சரியாச்சே" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். சரியாகியிருக்கும். சிலருக்கு அடைப்பு தானாகவே விலகி, சில நிமிஷத்தில் முகம் நேராகிவிடும். குத்தியிருக்காவிட்டாலும் ஆகியிருக்கும். அது முன்னெச்சரிக்கை. அடுத்த சில நாளில் பெரிய அடி வரக்கூடும். பெரியப்பாவை உடனே டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லையா? அதைச் சொல் முதலில்.

நான் அக்குபங்சருக்கு விரோதி இல்லை. என் இடுப்பு வலிக்குப் பத்து தடவை ஊசி போட்டுக்கொண்டேன், குறைந்தது. (எண்ணெய் தேய்த்துவிட்டதால் குறைந்தது என்பது என் வீட்டுக்காரம்மாவின் கட்சி.) மத்திய சுகாதார அமைச்சகமே 2019-ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றிருக்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 1,162 பேரை வைத்துப் பார்த்து 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியைப் பார்க்காமல் சும்மா மேலாக ஊசி போட்டவர்களில் 44.2. வழக்கமான மருந்து, பிசியோதெரபி மட்டும் எடுத்தவர்களில் 27.4. வலிக்கு ஊசி உதவுகிறது, சரி. ஆனால் எந்தப் புள்ளியில் குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். இடுப்பு வலிக்கே புள்ளி பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை என்றால், விரல் நுனிப் புள்ளி மூளைக்குள் இருக்கும் கட்டியை எப்படிக் கரைக்கும்?

வலிப்பு மாத்திரையை நிறுத்து, பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடு என்று சொல்கிற ஹீலர்கள் நம் பக்கமும் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். பக்கவாதத்துக்கு முதல் காரணமே பிரஷர். பக்கவாதம் வந்து போனவருக்குப் பிசியோதெரபியும் மாத்திரையும் விடாமல், கூடவே ஊசியும் போட்டுக்கொள்ளட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சந்தேகம் வந்தால் ஆளைச் சிரிக்கச் சொல். இரண்டு கையையும் தூக்கச் சொல். ஒரு வாக்கியம் பேசச் சொல். ஒன்று கோணினாலும் மணியைக் குறித்துக்கொண்டு 108-க்கு அடி, பக்கவாதம் என்று சொல், சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கேள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதே.

மெசேஜ் போட்ட மாப்பிள்ளை இன்று ராத்திரிக்குள் இரண்டு க்ரூப்பிலும் அதை நீக்கிவிடவும். நீக்கத் தெரியாவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள், என் பேத்தி சொல்லித் தருவாள்.