காற்றாலையைப் பார்த்து ஷேர் வாங்கலாமா?



ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றே தென்காசிக்காரர்களுக்குச் சொல்லிவிடும், குற்றாலத்தில் சீசன் நெருங்கிவிட்டது என்று. சாரலைக் கொண்டுவரும் அதே காற்றுதான் சுரண்டை, ஆய்க்குடி பக்கம் காற்றாலைகளையும் சுழற்றுகிறது.

“கண்ணு முன்னாடி இத்தனை காத்தாடி சுத்துதே, அந்தக் கம்பெனி ஷேரை வாங்கிப் போட்டா என்ன?” என்று ஒரு குடும்பத்தில் பேச்சு வந்தால் அதில் தப்பே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ தட்டிவிட்ட பெயரில் பணம் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். அமெரிக்காவில் 1977 முதல் 1990 வரை மெகல்லன் ஃபண்டை நடத்திய பீட்டர் லிஞ்ச்கூட, அன்றாடம் பார்க்கும் பொருட்களிலிருந்தே சாதாரண மக்கள் நல்ல பங்குகளைக் கண்டுபிடிக்கலாம் என்றவர்தான். கண்ணில் பட்ட பிறகு கணக்கைப் படியுங்கள் என்றும் அவர் சேர்த்தே சொன்னார். நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

காற்றாலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சுஸ்லான். 2005-ல் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. பிறகு ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. அப்படிப் பிரிந்த பங்கின் கணக்கில் பார்த்தால், 2008 ஜனவரியில் விலை 400 ரூபாயைத் தாண்டியது. வாங்காதவர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது.

அதற்குள் நிறுவனம் பெரும் கடனில் இறங்கியிருந்தது. 2006-ல் பெல்ஜியத்தின் ஹேன்சன், 2007-ல் ஜெர்மனியின் ரீபவர் என்று வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கியது. 2008-ல் உலகமே நெருக்கடியில் சிக்கி, ஆர்டர்கள் குறைந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்ப முடியவில்லை. 2020 மார்ச்சில் பங்கு விலை 2 ரூபாய்க்கும் கீழே!

அந்த வருடங்களிலும் நம் கணவாயில் காற்று நிற்கவில்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. அப்படியானால் எது மாறியது? வாசலில் நின்று பார்த்தால் தெரியாத கடன்தான். நிறுவனம் பிறகு மீண்டது. 2024-ல் பங்கு 80 ரூபாயையும் தாண்டியது. ஆனால் 2008 உச்சத்தில் வாங்கியவருக்கு அப்போதும் முதல் தேறவில்லை. மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் இப்படிப் பதினாறு வருடம் முடங்கினால் ஒரு வீடு என்ன ஆகும்?

நமக்கு நெருக்கமான இன்னும் இரண்டு பெயர்கள். மத்தளம்பாறை ஸோஹோ நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை தருகிறது. ஆனால் அது பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். “ஸோஹோ ஷேர் வாங்கித் தர்றேன்” என்று யாராவது வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். அடுத்து, தூத்துக்குடியில் 1921-ல் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க். 2022 செப்டம்பரில் சந்தைக்கு வந்தது. ‘நம்ம பேங்க்’ என்ற பாசம் எனக்கும் புரிகிறது. எந்த பேங்க்கானாலும் டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. அதே பேங்க்கின் பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஆண்டறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். முந்நூறு பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். ஐந்து வருடக் கடன் ஏறுகிறதா, இறங்குகிறதா? லாபத்தில் வட்டிக்கே எவ்வளவு போகிறது? நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா? சம்பளத்தில் முக்கால்வாசி வட்டிக்கே போகிற வீட்டில் பெண் கொடுக்க யோசிப்போம் இல்லையா, அதே யோசனைதான்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தனிப் பங்குப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தது ஐந்தாறு வருடம் தேவைப்படாத பணத்தை மட்டும், பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி-யாகப் போடலாம். ஏற்ற இறக்கம் அதிலும் உண்டு. ஆனால் ஒரே நிறுவனத்தின் கடன் உங்கள் மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடாது.

நீங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எந்த இடம் புரியவில்லையோ, அந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவற்றை எடுத்து விளக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்