அட்டையில் இல்லாத பெயர்



ஆஸ்திரேலியாவைப் பற்றி எழுதிவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் நியூசிலாந்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்தன. இந்த இதழின் சிறப்புப் பகுதி அவற்றுக்கான பதில். அதற்காகப் படித்தபோது என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆங்கிலேய ஆளுநர். மற்றவர் அவருக்குக் கதை எழுதிக் கொடுத்தவர்.

1845-இல் ஆளுநராக வந்த ஜார்ஜ் கிரேக்கு ஒரு சிக்கல். நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் அனுப்பும் கடிதங்களில் பழம்பாட்டும் பழமொழியும் புராணக் குறிப்பும் நிறைந்திருக்கும், மொழிபெயர்ப்பாளர்களே திணறினார்கள். இது புரியாமல் இவர்களை ஆள முடியாது என்று அவரே மாவோரி மொழியைக் கற்கத் தொடங்கினார். பின்னர் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். ஆசை ஆட்சியில்தான் பிறந்தது; பிறகு உண்மையான ஈடுபாடாகவும் மாறியது என்றே நினைக்கிறேன்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ரோட்டோருவா வட்டாரத்து தெ ரங்கிகாஹெக்கே. மிஷனரிகளிடம் எழுத்துக் கற்றவர். ஆக்லாந்தில் கிரே தந்த வீட்டில் குடும்பத்தோடு தங்கி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதித் தள்ளினார். ஒட்டிக்கிடந்த வானத் தந்தையையும் பூமித் தாயையும் பிள்ளைகள் பிரித்த கதை, புராண வீரன் மாவுய்யின் சாகசங்கள், சடங்குகள், வம்ச வரலாறு, எல்லாம் அவர் கையெழுத்தில். 1855-இல் லண்டனில் ‘பாலினேசியப் புராணம்’ ஆங்கிலத்தில் வெளிவந்தபோது அட்டையில் கிரேயின் பெயர் இருந்தது. ரங்கிகாஹெக்கேயின் பெயர் எங்கும் இல்லை. போதாக்குறைக்கு, வெவ்வேறு குடிகளின் கதைகளை ஒன்றாகத் தைத்து, எது யாருடையது என்ற தடயத்தையே கிரே அழித்துவிட்டார். இந்த ஏட்டில் இப்படிப் பாடம், அந்த ஏட்டில் அப்படிப் பாடம் என்று அடிக்குறிப்புப் போடும் பதிப்பாசிரியர்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும்.

இதே கிரே இரண்டாம் முறை ஆளுநராக இருந்தபோதுதான், 1863 ஜூலையில், பிரிட்டிஷ் படை மாவோரிகளின் வைக்காட்டோ வட்டாரத்துக்குள் நுழைந்தது. போரைத் தொடர்ந்து அங்கே பறிமுதலான நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர். படை நுழைந்தபோது நியூசிலாந்தின் பிரதமராக இருந்த ஆல்ஃபிரட் டொமெட், பறிமுதல் செய்யும் நிலத்தில் வெள்ளையரைக் குடியமர்த்தும் திட்டத்தை முன்வைத்தவர். அவர் கவிஞரும்கூட. 1872-இல் ‘ரனோல்ஃப் அண்ட் அமோஹியா’ என்ற நெடுங்காவியம் வெளியிட்டார். வெள்ளைக்கார இளைஞனுக்கும் மாவோரித் தலைவனின் மகளுக்கும் காதல். ஏரி, வெந்நீர் ஊற்று, நிலவு என்று வர்ணனைக்குப் பஞ்சமே இல்லை. நிலம் மட்டும் யாரிடமிருந்தும் பறிபோகவில்லை.

அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் நாட்டையே ‘மாவோரிலாந்து’ என்று கொஞ்சினார்கள். 1896 கணக்கெடுப்பில் மாவோரிகள் ஏறக்குறைய 42,000 பேர்தான். இந்த இனம் அழிந்துவிடும் என்று நம்பி இரங்கற்பா பாடினார்கள். செத்துப்போனவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது இதில் ஒரு வசதி. ஆனால் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். மாவோரி அரசர் தாவியாவ் 1884-இல் மனுவோடு லண்டனுக்கே போனார். விக்டோரியா மகாராணியைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை.

காலம் இப்படியிருக்க, குடியேறியவர்களின் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வேறு மாதிரி எழுதினார். கேத்தரின் மான்ஸ்ஃபீல்டு 1912-இல் வெளியிட்ட சின்னஞ்சிறு கதையில், பேர்ல் பட்டன் என்ற சிறுமியை இரண்டு கரிய பெண்கள் கடலுக்குக் கூட்டிப்போகிறார்கள். குழந்தைக்கு அத்தனை குதூகலம். கடைசியில் நீல உடுப்புக்காரர்கள் ஓடிவருகிறார்கள். ‘மாவோரி’ என்ற சொல் கதையில் வரவே இல்லை. ஆனாலும் கடத்தல் என்று தலைப்பில் சொல்வது யார் பார்வை என்று வாசகர் யோசிக்காமல் இருக்க முடியாது.

டொமெட்டின் காவியம் வந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1972-இல், விட்டி இஹிமைராவின் ‘பொனமு, பொனமு’ வெளிவந்தது. மாவோரி எழுத்தாளர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு அது. பட்ரீசியா கிரேஸின் கதைகள் 1975-இல் தொடர்ந்தன. 1989-இல் இஹிமைரா, மான்ஸ்ஃபீல்டின் கதைகளுக்குப் பதில்போல ஒரு புத்தகமே எழுதினார்: ‘டியர் மிஸ் மான்ஸ்ஃபீல்டு’. முதலில் பேர்ல் பட்டனைப் படியுங்கள், பத்து நிமிடம் போதும். பிறகு இஹிமைராவுக்கு வாருங்கள். டொமெட்டின் காவியத்துக்கு ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் வேண்டும். பொறுமைசாலிகள் முயன்று பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்