யானை விலையும் தீனி விலையும்

பேணுதல் என்னும் சொல்லுக்கு விரும்புதல் என்பதும் பொருள். பாதுகாத்தல் என்பதும் பொருள். ஒன்றை விரும்புவோன் அதனைக் காக்கவும் கடவன் என எம் முன்னோர் கருதினர் போலும். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. அதுவே 'சுப்பர் கார்' எனப்படும் பெருவிலை மோட்டார் வண்டிகளின் உலகம். தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என வினவுவார் உளராகலாம். எம் மாணவரின் அப்பியாசக் கொப்பி அட்டைகளில் இன்று வீற்றிருப்பவை அவ்வண்டிகளே. அவற்றின் குதிரைவலுவையும் உச்ச வேகத்தையும் நன்னூற் சூத்திரத்திலும் விரைவாக ஒப்புவிக்கின்றனர். பேணும் செலவு யாதென்று கேட்டால் மாத்திரம் வாய் திறவார்.

இத்தாலியில், மோடெனா நகருக்கு அணித்தான மரனெல்லோ என்னும் ஊரிலே பெராரி வண்டிகள் செய்யப்படுகின்றன. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெஸ்டரோசா' அவற்றுட் பெயர்பெற்ற ஒன்று. அப்பெயருக்குச் செந்தலை என்பது பொருள். பன்னிரண்டு சிலிண்டர்களையுடைய அதன் எஞ்சின் ஓட்டுவோனின் முதுகுக்குப் பின்னால் அமைந்தது. பிஸ்ரன்களின் இயக்கத்தோடு வால்வுகளின் இயக்கத்தை இசைவித்து நிற்பது பற்களுள்ள இறப்பர்ப் பட்டி. கராஜ்களிலே 'ரைமிங் பெல்ற்' என வழங்குவது இதுவே. வண்டி ஓடினாலென்ன, கொட்டிலில் உறங்கினாலென்ன, இறப்பர் மூப்படையும். ஆதலால் சில ஆண்டுகளுக்கொரு முறை அதனை மாற்றியே ஆகவேண்டும். மாற்றாது விட்டுப் பட்டி அறுமாயின், திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்ரன்கள் மோதி வளைத்துவிடும், எஞ்சின் பாழாகும். பட்டியின் விலை பெரிதன்று. ஆனால் அதனை எட்டுவதற்கு எஞ்சின் முழுவதையும் வண்டியிலிருந்து கீழே இறக்கவேண்டும்! 1994இல் வந்த 'எஃப் 355' வண்டிக்கும் இதே விதி. கூலியும் பிறவுமாகப் பல ஆயிரம் டொலர் கரையும். பல்லொன்றைப் பிடுங்குதற்குத் தலையைக் கழற்றும் வைத்தியத்தை இது நிகர்க்கும்.

அத்துணை வேகமுள்ள இயந்திரத்துக்கு இது தவிர்க்கவொண்ணாத விலை என்று வாதிப்பர் சிலர். யாம் உடன்படோம். 1999இல் வந்த '360 மொடேனா'விலே, இருக்கைகளின் பின்னுள்ள மூடியைக் கழற்றியே பட்டியை எட்டலாயிற்று. 2004இல் வந்த 'எஃப் 430' வண்டியில் இறப்பர்ப் பட்டியே ஒழிந்து உலோகச் சங்கிலி இடம்பெற்றது. வேகம் குறைந்ததோ எனின், கூடிற்று. ஆகவே முன்னையது இயந்திரவியல் இட்ட தடையன்று. ஆக்குவோன் பின்னர்க் காப்போனை நினையாமையே அது. ஓர் ஆக்கத்தின் அழகை அளக்குமிடத்து அதனைப் பேணற்குரிய எளிமையையும் உடன்வைத்து அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு. அவ்வாறு அளப்பின் புகழ்பெற்ற வண்டிகள் பல தராசிலே தாழும்.

ஏனைய பழுதுகளுட் பலவற்றுக்கு வெப்பமே தாய். பெரிய எஞ்சினைச் சிறிய அறையில் அடைத்தால் வெம்மை எங்கே போகும்? 355 வண்டியில் புகைபோக்கும் குழாய்த் தொகுதி வெடித்துப் பிளத்தல் அறியப்பட்ட நோய். வால்வு வழிகாட்டிகள் தேய்தல் மற்றொன்று. 2010இல் 'பெராரி 458' வண்டிகள் சில தீப்பற்றின. சக்கரத்தின் மேலுள்ள வெப்பக் காப்புத் தகட்டை ஒட்டிய பசையே காரணமென்று கண்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளைக் கம்பெனி மீள அழைத்துப் பசைக்குப் பதிலாக ஆணியிட்டது. அக்காலப் பெராரிகள் பலவற்றின் உள்ளே, பிளாஸ்ரிக் பொத்தான்களின் மேற்பூச்சு ஆண்டுகள் செல்ல இளகிக் கையில் ஒட்டும். பலாப்பழம் உரித்த விரல் போல என்க.

இவையெல்லாம் செல்வர் கவலை. நமக்கென்ன என்பது அடுத்த வாதம். முதலில் வாங்குவோன் செல்வனே. அவன் இரண்டாண்டில் வேறொன்றுக்குத் தாவிவிடுவான். பின்பு வாங்குவோன் யார்? புதிதாக விற்றபோது ஓரிலட்சம் டொலருக்கு மேற்பட்ட 355, பின்னொரு காலத்தில் அதிற் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. இளமைக் கனவை நெஞ்சிற் சுமந்த நடுத்தர வருமானத்தார் பலர் அப்போது அதனை வாங்கினர். வண்டியின் விலை இறங்கிற்று. உதிரிப்பாகத்தின் விலை இறங்கவில்லை. யானை மலிவாக வந்தது என்பதற்காக அது புல்லைக் குறைத்துத் தின்னுமோ? பட்டி மாற்றும் செலவுக்கு அஞ்சி நாட்கடத்தியவர் எஞ்சினையே இழந்தனர்.

2005இல் பிரான்சின் மொல்சைம் நகரிலிருந்து வந்த 'புகாட்டி வெய்ரோன்' இவற்றுக்கெல்லாம் சிகரம். பதினாறு சிலிண்டர், பத்து ரேடியேற்றர், மணிக்கு 407 கிலோமீற்றர். எண்ணெய் மாற்றுதற்கே இருபதாயிரம் டொலருக்கு மேலாகும் என்று பரவலாக எழுதப்பட்டது. உச்ச வேகத்தில் அதன் ரயர்கள் பதினைந்து நிமிடமே தாங்கும் எனச் சொல்வர். ஆனால் அஞ்சவேண்டியதில்லை, பன்னிரண்டு நிமிடத்திலே பெற்றோல் தீர்ந்துவிடுமாம்!

பணச் செலவினும் பெரிது அறிவைப் பூட்டிவைத்தல். இங்கிலாந்தின் 'மக்லாரன் எஃப் 1' 1992 முதல் 1998 வரை 106 மாத்திரமே செய்யப்பட்டது. அதன் பழுதைக் கண்டறிய 1990களின் கொம்பாக் மடிக்கணினி ஒன்றே வேண்டியிருந்தது என்பதும், அப்பழங் கணினிகளைக் கம்பெனி தேடிச் சேகரித்தது என்பதும் 2016இல் செய்தியாயின. கணினி செத்தால் வண்டிக்கு வைத்தியமில்லை. எம் யாழ்ப்பாணத்திலே, 1990களில் பெற்றோல் தடைப்பட்ட நாளில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஊர் மெக்கானிக் அவற்றின் மூடியைத் திறந்து, கண்டு, திருத்த முடிந்தமையே அதற்குக் காரணம். அவ்வண்டிகளின் படத்தை எவரும் கொப்பியில் ஒட்டுவதில்லை.

எனினும் மக்லாரனையும் பேணினார் ஒருவரைச் சொல்லாது விடுதல் நீதியன்று. நகைச்சுவை நடிகர் றோவன் அற்கின்சன் 1997இல் அதனை வாங்கி, பெட்டகத்தில் வைத்த நகை போலப் பூட்டாது, கடைக்கும் பயணத்துக்குமாக நாற்பதாயிரம் மைலுக்கு மேல் ஓட்டினார். 2011இல் அது மரத்தில் மோதிச் சிதைந்தது. திருத்தச் செலவு ஏறத்தாழ 910,000 பவுண். காப்புறுதிக் கம்பெனி கொடுத்தது. திருத்திய வண்டியை மீண்டும் ஓட்டிப் பின் 2015இல் எண்பது இலட்சம் பவுணுக்கு விற்றார். ஓடாது நிற்கும் வண்டியின் இறப்பர் உலரும், மின்கலம் வற்றும்; ஓட்டுதலும் பேணலின் ஒரு கூறே என்பதை அவர் அறிந்திருந்தார்.

பழைய பெராரி வாங்கும் சந்தையிலே அறிந்தோர் முதலிற் கேட்பது நிறத்தையுமன்று, மைலையுமன்று; திருத்தப் பற்றுச்சீட்டுக் கட்டையே. பட்டி எப்பொழுது மாற்றப்பட்டது, எங்கே, யாரால் என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டுவர். ஒரே நிறம், ஒரே ஆண்டு, ஒரே பளபளப்புள்ள இரு வண்டிகளுள் கட்டுள்ளது பல ஆயிரம் டொலர் கூடுதலாக விலைபோகும். கட்டில்லாதது கண்ணாடியின் பின்னே காத்து நிற்கும்.