உடையவரும் கை பிடித்தே நடந்தார்

திருவரங்கத்தில், கீழச் சித்திரை வீதியின் பழைய ஓட்டு வீடொன்றில் தனியே வசித்து வருகிறார் 76 வயது அம்மையார் ஒருவர். பொழுது புலருமுன் நீராடி, மடியுடுத்தி, பெரிய பெருமாளின் விசுவரூப தரிசனத்துக்குப் புறப்படுவது அவருடைய நெடுநாளைய வழக்கம். சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள், ஈரப் பாதத்தோடு முற்றத்தைக் கடக்கையில் கால் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பெங்களூரிலிருந்து பதறி ஓடி வந்த மகன், “போதும் அம்மா. வீட்டை விற்றுவிடலாம். என்னோடு வந்து இரு” என்றார். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ரங்கனை விட்டு எங்கேயப்பா வருவது?” என்று மட்டும் கேட்டார்.

மகனின் அச்சம் நியாயமானது. தாயின் பற்றும் நியாயமானது. வீட்டை விட்டுப் போவதற்கு முன், வீட்டையே முதுமைக்கு ஏற்றபடி மாற்றிப் பார்ப்போம் என்று இருவரும் உடன்பட்டனர். கொத்தனார் வரவழைக்கப்பட்டார்.

வந்தவர் முதலில் உற்றுப் பார்த்தது சுவர்களைத்தான். குளியலறை வாசல், முற்றத்தின் ஓரம், பூஜை அறையின் நிலை ஆகிய மூன்று இடங்களிலும் சுண்ணாம்பின் மேல் கை பட்டுப் பட்டுக் கறுத்த தடம் இருந்தது. “இங்கெல்லாம் பிடிமானம் வேண்டும்” என்றார்.

அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. “கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க நான் என்ன நோயாளியா?” என்று கேட்டார். அப்போது அங்கே அமர்ந்திருந்த எதிர்வீட்டுப் பெரியவர் சிரித்தார். “மாமி, நம் உடையவர் காவிரிக்கு நீராடச் செல்லும்போது முதலியாண்டானின் கையைப் பிடித்துக்கொண்டு போவார், திரும்பும்போது உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று பெரியோர்கள் சொல்லிக் கேட்டதில்லையா? அவருக்கு அதனால் என்ன குறை வந்தது?” என்றார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. வேலை தொடங்கியது.

குளியலறையில் வழவழப்பான தரை அகற்றப்பட்டு, சொரசொரப்பான கற்கள் பதிக்கப்பட்டன. இடுப்புயரத்தில், அதாவது தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில், எஃகுக் கைப்பிடிகள் சுவரில் துளையிட்டு உறுதியாகப் பொருத்தப்பட்டன. துண்டு போடும் கம்பி உடலின் பாரத்தைத் தாங்காது. அதை நம்பிப் பிடிப்பது ஆபத்து. கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துவிடும். அமர்ந்து நீராட ஓர் உறுதியான முக்காலியும் வந்தது.

தலைவாசல் நிலைப்படியில் திருமகள் வாசம் செய்வதாக நம்பிக்கை. அதை எவரும் தொடவில்லை. அதன் அருகே ஒரு கைப்பிடி மட்டும் வைக்கப்பட்டது. நாள்தோறும் அதில் பூசும் மஞ்சளே, மங்கிய கண்களுக்குப் படியின் விளிம்பைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. உள்ளறைகளுக்கிடையே இருந்த தடுப்புப் படிகள் மட்டும் சமன் செய்யப்பட்டன. சக்கர நாற்காலி தேவைப்படும் இல்லங்களில் சாய்தளம் அமைக்கலாம். அரை அடி உயரத்துக்கு ஆறு அடி நீளமாவது விட வேண்டும். அதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகிவிடும்.

அண்ணாந்து கோலால் புடவையை எடுக்க வேண்டியிருந்த மடிக்கொடி, கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. அண்ணாந்து பார்க்கையில் தலை சுற்றி விழும் முதியோர் உண்டு. தரையில் இருந்த குத்துவிளக்கு மேடை மீது ஏறியது. குனிந்து திரி தூண்டும்போது முந்தானையில் தீப்பற்றும் அச்சமும், சிந்திய எண்ணெயில் கால் வழுக்கும் அச்சமும் ஒருசேர நீங்கின. ஜபத்துக்கு மணைக்குப் பதில் கைப்பிடியுள்ள நாற்காலி இடப்பட்டது. படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவெல்லாம் எரியும் சிறு விளக்குகளும் பொருத்தப்பட்டன.

கைக்கட்டு அவிழ்த்த மறுவாரமே அம்மையார் விசுவரூப தரிசனத்துக்குப் புறப்பட்டார். வாசற்கைப்பிடியைப் பற்றித் தெருவில் இறங்கியவரை எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மகன் பெங்களூர் திரும்பினார். வீட்டை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

முதியோர் வாழும் ஒவ்வொரு இல்லத்திலும் பிள்ளைகள் ஒருமுறை சுவர்களைப் பார்க்கட்டும். கறுத்த கைத்தடம் எங்கே தெரிகிறதோ, அங்கே ஒரு கை பிடிமானத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. வாய்விட்டுக் கேட்க அவர்களுக்குக் கூச்சம் இருக்கலாம். கேட்கும் வரை காத்திராமல் அமைத்துக் கொடுப்பதும் ஒரு கைங்கரியமே.